அந்த நாற்காலியில் உட்காரும் முன்: தாய்லாந்துப் பாத மசாஜ்

பாங்காக்கின் வாட் போ கோயிலுக்குப் போகிறவர்கள் சயன புத்தரின் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் கடைசிவரை நடந்து பாதத்துக்குப் போங்கள். 46 மீட்டர் நீளச் சிலை அது. பாதங்கள் நம்மைவிட உயரம். உள்ளங்கால் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்து, முத்துச்சிப்பி பதித்து, 108 மங்கலச் சின்னங்களைச் செய்துவைத்திருக்கிறார்கள். காலை அடுத்தவர் பக்கம் நீட்டுவதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிற நாட்டில், உள்ளங்காலுக்கு இப்படி ஒரு அலங்காரம்.

அதே கோயில் வளாகத்தில், கொஞ்சம் தள்ளி, மசாஜ் மண்டபம் இருக்கிறது. அதற்குள் நமக்கும் கால் கெஞ்ச ஆரம்பித்திருக்கும். வெளியே தெருவுக்கு வந்தாலும் பத்துக் கடைக்கு ஒரு கடை பாத மசாஜ் கடைதான். வாசல் பலகையில் இரண்டு உள்ளங்கால் படம். அதிலும் கட்டங்கள் உண்டு. மங்கலச் சின்னங்களுக்குப் பதிலாக இதயம், ஈரல், சிறுநீரகம், கண் என்று எழுதியிருக்கும். அந்தந்த இடத்தை அழுத்தினால் அந்தந்த உறுப்பு குணமாகும் என்பது பலகையின் வாக்குறுதி.

இந்த அத்தியாயம் அந்தப் பலகையைப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கானது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோர்ந்த காலுக்கும் ஓயாமல் ஓடும் மனதுக்கும் இது மிக நல்ல ஓய்வு. தாய்லாந்துக்குப் போனால் ஒரு முறையாவது அனுபவியுங்கள். ஏதாவது ஒரு நோய்க்கு மருந்து என்று நினைத்துப் போகாதீர்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களை மட்டும் தயவுசெய்து அழைத்துப் போகவே வேண்டாம்.

எது பழசு, எது புதுசு

தாய்லாந்து மசாஜுக்கு வயது அதிகம். 1830களில் மூன்றாம் ராமா மன்னர் வாட் போ கோயிலைப் பெரிதாகப் புதுப்பித்தபோது, நாட்டில் கிடைத்த அறிவையெல்லாம் கல்லில் வெட்டி வைக்கச் சொன்னார். மருத்துவம், இலக்கியம், வரலாறு என்று கோயில் சுவர்களே நூலகமாயின. அவற்றில் 60 பலகைகள் மனித உடம்பின் உருவங்கள்: முன்பக்கம் 32, பின்பக்கம் 28. எந்தத் தடம் எங்கே ஓடுகிறது, எங்கே அழுத்தினால் எந்த வலிக்கு நல்லது என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டுத் தொகுதியை யுனெஸ்கோ 2011-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2019 டிசம்பரில் தாய்லாந்து மசாஜே மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது. அங்கே அதற்குப் பெயர் 'நுவத் தாய்'. பாதத்துக்கு மட்டும் என்றால் 'நுவத் தாவ்'.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது. உடம்பில் ஓடும் முக்கியத் தடங்கள் பத்து என்பது அவர்கள் கணக்கு. அவற்றைச் 'சென்' என்கிறார்கள். முதல் மூன்றின் பெயர் இதா, பிங்கலா, சுமனா. நம் சித்த மருத்துவத்தின் தச நாடிகளில் முதல் மூன்று இடகலை, பிங்கலை, சுழுமுனை. இரண்டும் பழைய இந்திய யோக மரபில் கிளைத்தவை. அங்கே மசாஜ் கற்றவர்கள் குருவாக வணங்குவதும் புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகனைத்தான். நம் சீவக சிந்தாமணியின் நாயகன் வேறு, இவர் வேறு.

வாசல் பலகையில் இருக்கும் உள்ளங்கால் வரைபடத்தின் கதை தனி. அது பிறந்தது அமெரிக்காவில். வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், உடம்பை நெடுக்காகப் பத்து மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்தில் எங்கே அழுத்தினாலும் அதே மண்டலத்தின் வேறிடத்தில் வலி குறையும் என்று 1917-இல் புத்தகம் எழுதினார். 1930களில் யூனிஸ் இங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட் அந்த எண்ணத்தைப் பாதத்துக்குக் கொண்டுவந்து, உறுப்பு உறுப்பாக இடம் குறித்தார். ரிஃப்ளெக்ஸாலஜி என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். பிறகு சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கப் பாதிரியார் யோசெஃப் யூக்ஸ்டர் தைவானில் இதைப் பரப்ப, கிழக்காசியா முழுக்கப் பரவியது. இன்று பாங்காக் கடையில் உங்கள் காலில் நடப்பது ஒரு கலவை: தாய்லாந்தின் நீவலும் இழுப்பும், சீன வழக்கத்தின் புள்ளி அழுத்தமும், அமெரிக்காவில் வரைந்த வரைபடமும் சேர்ந்தது.

கலவையாக இருப்பது குறையே இல்லை. நம் பரோட்டாவும் சால்னாவும் எத்தனை ஊர் சுற்றி வந்தவை! ஆனால் 'ஈராயிரம் ஆண்டு ரகசியம்' என்று சொல்லி அந்த வரைபடத்தின் பேரில் யாராவது அதிகப் பணம் கேட்டால், அதன் வயது சுமார் நூறுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்

பெருவிரல் தலை. மற்ற விரல்களின் அடி கண்ணும் காதும். விரல்களுக்குக் கீழே மெத்தென்று இருக்கும் இடம் நுரையீரல். நடுவளைவு வயிறு, குடல், சிறுநீரகம். உள்பக்க ஓரம் முதுகெலும்பு. குதிகால் இடுப்பு. இதயம் இடது காலில், ஈரல் வலது காலில். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் சிறுநீரகத்துக்கும் நடுவளைவுக்கும் இடையில் தனியாக ஓடும் நரம்பு எதையும் உடற்கூறியல் இதுவரை காட்டவில்லை.

2009-இல் எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற ஆய்வாளர், ரிஃப்ளெக்ஸாலஜி பற்றி முறையாக நடத்தப்பட்ட 18 சோதனைகளைச் சேர்த்துப் பரிசீலித்து ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதினார். எந்த ஒரு நோய்க்கும் இது சிகிச்சையாகப் பயன்படுகிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. ஆஸ்திரேலிய அரசும் தனியே பரிசீலனை நடத்தி, 2019 ஏப்ரல் முதல் ரிஃப்ளெக்ஸாலஜிக்குத் தனியார் மருத்துவக் காப்பீட்டில் பணம் தருவதை நிறுத்திவிட்டது.

அப்படியானால் எழுந்து வரும்போது உடம்பு ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது? அந்தச் சுகம் பொய் இல்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். நாள் முழுக்க உடம்பைச் சுமந்து இறுகிப்போன சிறு தசைகளை ஒருவர் பொறுமையாகத் தளர்த்துகிறார். முட்டியில் இடித்துக்கொண்ட குழந்தைக்கு அம்மா அந்த இடத்தைத் தேய்த்துவிட்டால் அழுகை அடங்குகிறதே, அதற்கு 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தொடுகையும் அழுத்தமும் முதுகுத் தண்டில் வலிச் செய்தியின் வாசலைப் பாதி மூடிவிடுகின்றன என்பது அதன் சாரம். அதோடு ஒரு மணி நேரம் போன் பார்க்காமல், பேசாமல், சாய்ந்து கிடக்கிறோம். வேறு எப்போது அப்படி இருக்கிறோம்?

கடைகளில் அடிக்கடி காதில் விழும் மூன்று பேச்சுகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 'உடம்பின் நச்சு இறங்கும்' என்பது முதலாவது. அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் ராத்திரி பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. 'நரநரவென்று கையில் படுகிறதே, அது படிகம், அதை உடைக்கிறேன்' என்பது அடுத்தது. கையில் படுவது பெரும்பாலும் இறுகிய தசையும் தசைநாரும்தான். உண்மையிலேயே யூரிக் அமிலப் படிகம் சேர்ந்திருந்தால் அது கவுட் என்ற மூட்டு நோய். அதை மசாஜ் செய்பவரின் மரக்குச்சியால் உடைக்க முடியாது, வீங்கிய மூட்டில் அழுத்தினால் உயிர் போகிற வலிதான் வரும்.

மூன்றாவதுதான் கவலைக்குரியது. 'இங்கே வலிக்கிறதா? அப்படியானால் உங்களுக்குக் கிட்னி சரியில்லை.' என்னோடு வந்த ஒரு நண்பர் இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு, பயணத்தின் மிச்ச நாட்களை முழுக்கப் பயத்திலேயே கழித்தார். ஊருக்கு வந்து ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அழுத்தினால் யாருக்கும் நடுவளைவு வலிக்கும். இதன் மறுபக்கத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பயம். 'இங்கே வலிக்கவில்லை, இதயம் நன்றாக இருக்கிறது' என்று கேட்டுக்கொண்டு, நெஞ்சு வலியோடு வீட்டில் இருந்துவிடுகிறவரும் இருக்கலாம் அல்லவா? உள்ளங்காலை வைத்து யாராலும் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. மாத்திரையை நிறுத்திப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னால், காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

யார் உட்காரக் கூடாது

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என் அத்தைக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. குடும்பத்தோடு பாங்காக் போனபோது, சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில், 'எல்லாரும் உட்கார்றீங்களே, எனக்கும் காலைப் பிடிச்சுவிடச் சொல்லேன்' என்று ஆசையாகக் கேட்டார். முந்தின நாள்தான் செருப்புக்குள் கிடந்த ஒரு சின்னக் கல்லோடு அரை நாள் நடந்திருந்தார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது கறையைப் பார்த்துத்தான் காயம் என்றே தெரிந்தது. 'வலிக்கலையே அத்தை?' என்று கேட்டதற்கு, 'எனக்கு எங்க வலிக்குது, அதுதான் மரத்துப்போச்சே' என்றார், ஏதோ நல்ல செய்தி மாதிரி.

மரத்துப்போன காலுக்குத்தான் பெரிய ஆபத்து. இந்த மசாஜில் எல்லையைக் காட்டுவது வலி ஒன்றுதான். அளவுக்கு மீறினால் நாம் முகத்தைச் சுளிக்கிறோம், அவர் கையைத் தளர்த்துகிறார். உணர்ச்சி இல்லாத காலில் மரக்குச்சி தோலுக்கு அடியில் சதையை நசுக்கினாலும் முகம் மாறாது. வெந்நீர்த் தொட்டியில் சூடு அதிகமென்றாலும் தெரியாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால், சிறு கன்றிப்போன இடம்கூடப் புண்ணாகி ஆறாமல் போகும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான முறை இது. பெரியவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து மொத்தம் ஆறு இடம். பூவைத் தொடுவது போல ஒன்றிரண்டு நொடி போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொட்டதும் அவர் 'வலது', 'இடது' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. பாத மசாஜை மறந்துவிட்டு, டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். எல்லாம் தெரிந்தாலும்கூட, நாள்பட்ட சர்க்கரைக்காரர் தன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதுதான் சரி. அத்தைக்கு அன்றைக்குத் தோளிலும் கையிலும் மட்டும் மெதுவாகப் பிடித்துவிடச் சொன்னோம். அதிலேயே தூங்கிப்போனார்.

அடுத்து, ரத்தக் கட்டி. சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரம்தான். லண்டனிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ வருகிறவர்கள் பதினோரு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இறங்கியபின் இரண்டு காலும் ஒரே அளவு லேசாக வீங்கியிருந்தால் நடந்தால் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அது ஆழத்துச் சிரையில் ரத்தம் கட்டியதாக இருக்கலாம். அதைப் பிசைந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். கடைக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றவை உங்களுக்கே தெரியும். அண்மையில் எலும்பு முறிந்த கால், சுளுக்கிய கணுக்கால், ஆறாத புண், விரலிடுக்கில் சேற்றுப்புண், கவுட் வீக்கம் இருந்தால் காத்திருங்கள். வெரிகோஸ் சிரை புடைத்திருந்தால் அந்த இடத்தில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன அழுத்தத்துக்கே கன்றிவிடும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாகி அதனால் கால் வீங்கியிருந்தால் வேண்டாம். கர்ப்பிணிகள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் உட்கார வேண்டாம். பல கடைக்காரர்கள் தாங்களே மறுத்துவிடுவார்கள்.

கடையைப் பார்ப்பது

பாங்காக்கின் சாதாரணக் கடைகளில் ஒரு மணி நேரத்துக்கு 250 முதல் 400 பாட் வரை கேட்பார்கள். ஓட்டல் ஸ்பாக்களில் பல மடங்கு. விலை ஏறும்போது ஏறுவது பெரும்பாலும் மெத்தையும் வாசனையும்தான், கைத்திறன் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. என் அனுபவத்தில் வாட் போ பக்கத்திலும், சியாங் மாய் பழைய நகரத்திலும் சுமாரான கடைகளிலேயே மிக நல்ல கைகள் இருக்கின்றன. சியாங் மாயில் ஞாயிற்றுக்கிழமைத் தெருச்சந்தையில் நாற்காலி போட்டுத் திறந்தவெளியிலேயே கால் பிடித்துவிடுவார்கள். அதே ஊரில் பெண்கள் சிறையின் பயிற்சி நிலையத்தில், தண்டனை முடியும் தறுவாயில் இருக்கும் பெண்கள் தொழில் கற்று வாடிக்கையாளர்களுக்கு மசாஜ் செய்கிறார்கள். பார்வையற்றவர்கள் நடத்தும் கடைகளும் பல ஊர்களில் உண்டு. கூச்சமோ தயக்கமோ இல்லாமல் போங்கள். விரல் நுனியால் தசையைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

சுகாதார அமைச்சகத்தின் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 2016-இல் வந்த சட்டப்படி மசாஜ் நிலையங்களுக்கு உரிமம் கட்டாயம். அதைவிடக் கண்ணால் காண்பதை நான் அதிகம் நம்புவேன். ஒருவர் எழுந்துபோனதும் துண்டை மாற்றுகிறார்களா, அதே துண்டை மடித்து வைக்கிறார்களா? கால் கழுவும் தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறார்களா? குச்சியைத் துடைக்கிறார்களா? வாசலில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும். தனியாகப் போகும் பெண்களுக்குப் பாத மசாஜ் வசதியானது. முழு உடையோடு, கடையின் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். நாற்காலிகள் வெளியே தெரியாத, விளக்கு மங்கலான கடைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

போகும் நாளில் காலில் முடி மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே கிருமி போகும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போவது நல்லது.

அந்த ஒரு மணி நேரம்

செருப்பை வாசலில் விடுங்கள். முழங்கால்வரை தளர்ந்த அரைக்கால் சட்டை ஒன்று தருவார்கள். பெண்கள் தொளதொள பேன்ட் போட்டுப் போனால் அதையே மடித்துவிட்டுக்கொள்ளலாம். பிறகு ஒருவர் உங்கள் முன் தாழ்ந்து உட்கார்ந்து காலைக் கழுவிவிடுவார். நம்மில் பலருக்கு இந்த இடத்தில் உடம்பு கூசும், குறிப்பாகக் கழுவுகிறவர் வயதில் மூத்தவராக இருந்தால். நானும் முதல் முறை காலை இழுத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு மறுபடி பிடித்து வைத்துக்கொண்டார். கைகூப்பி ஒரு வணக்கம் வையுங்கள், அது போதும். அவர் தன் தொழிலைச் செய்கிறார்.

தொடங்கும் முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அதற்குச் சில சொற்கள் கையில் இருக்கட்டும். 'ஜெப்' என்றால் வலிக்கிறது. 'பாவ் பாவ்' என்றால் மெதுவாக. 'போ டீ' என்றால் இந்த அளவு சரி. 'சபாய்' என்றால் சுகம். சர்க்கரை நோய்க்கு 'பாவ் வான்'. வான் என்றால் இனிப்பு. பேசி முடிக்கும்போது ஆண்கள் 'க்ராப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் சேர்த்துக்கொள்வது மரியாதை. உச்சரிப்பு பிசகினாலும் புரிந்துகொள்வார்கள். நோய் பற்றிய விஷயத்தை மட்டும் போனில் மொழிபெயர்த்து எழுத்தாகக் காட்டிவிடுங்கள், அதில் பிசகு கூடாது.

ஒரு காலைத் துண்டில் சுற்றிவைத்துவிட்டு அடுத்த காலை எடுப்பார். கிரீமோ எண்ணெயோ தடவி, கணுக்காலிலிருந்து விரல்வரை நீவி, பாதத்தைச் சூடாக்குவது முதல் வேலை. இதில் ஐந்து பத்து நிமிடம் போகும். பிறகு கட்டைவிரலாலும் மடக்கிய விரல் முட்டியாலும் உள்ளங்காலில் கோடு கோடாக இழுப்பார். விரல்களை ஒவ்வொன்றாகச் சுற்றி, மெல்ல இழுத்துவிடுவார். சொடக்கு விழும். அதன்பின்தான் அந்தக் குச்சி வரும்: பேனா நீளத்தில், முனை மழுங்கிய மரக்குச்சி. புள்ளிகளில் வைத்து அழுத்திச் சுழற்றுவார். கடைசியில் கெண்டைக்காலை முழங்கால்வரை மேல்நோக்கி நீவி, சூடான துண்டால் ஒற்றி எடுப்பார். பல கடைகளில் தோளையும் கழுத்தையும் கொஞ்சம் பிடித்து முடிப்பார்கள். கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுக்க வந்தால் வேண்டாம் என்று தலையசைத்துவிடுங்கள்.

குச்சியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 'வலிச்சாத்தான் வேலை செய்யுது' என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையில் ஒரு கடையில் பல்லைக் கடித்துக்கொண்டு முழு மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை நடுவளைவில் நெல்லிக்காய் அளவு நீலம் பாரித்திருந்தது, இரண்டு நாள் விந்தி நடந்தேன். அழுத்தும்போது மூச்சு தானாகச் சீராக ஓட வேண்டும். மூச்சைப் பிடிக்கிறீர்கள், நாற்காலிக் கையை இறுக்குகிறீர்கள் என்றால் அழுத்தம் அதிகம். உடனே 'பாவ் பாவ்' சொல்லுங்கள். அவர் மனம் கோணமாட்டார். வெளிநாட்டுக்காரருக்கு எவ்வளவு தாங்கும் என்று அவருக்கும் தெரியாது. குச்சியே வேண்டாம், கை போதும் என்று கேட்டாலும் தாராளமாகச் செய்வார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான். அரை மணி நேரம், கையால் மட்டும்.

முடிந்ததும் இஞ்சி டீயோ வில்வக்காய் டீயோ கொடுப்பார்கள். காய்ந்த வில்வக்காய்த் துண்டைக் கொதிக்கவைத்து எடுக்கும் அந்த டீயை அங்கே 'மதூம்' என்கிறார்கள். கோயிலில் வில்வ இலையை மட்டுமே பார்த்த நமக்குப் புதிய ருசி. நன்றாகச் செய்திருந்தால் 50 முதல் 100 பாட் வரை நேராக அவர் கையில் கொடுங்கள். சட்டென்று எழுந்து நடக்காமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்திருங்கள், தலை கிறுகிறுக்கலாம். மறுநாள் காலை வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். லேசான வலி இருந்தால் போய்விடும். தோல் கிழிந்திருந்தாலோ, கன்றிய இடம் பெரிதாகிக்கொண்டே போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

ஊருக்கு வந்தபின்

இந்த ஓய்வை வீட்டில் கொடுக்க நாற்காலியும் குச்சியும் வேண்டாம். அப்பா, அம்மா, நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வரும் மனைவி, கணவர், யாருக்கும் செய்யலாம். மேலே சொன்ன தடைகள் வீட்டுக்கும் பொருந்தும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் காலை வைக்கச் சொல்லுங்கள். சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள், உள்ளங்கை சூட்டுக்குப் பழகியது. துடைத்துவிட்டு அவரைச் சாய்த்து உட்காரவைத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஒரு கரண்டி போதும், அதைக் கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள். இரண்டு கட்டைவிரலையும் குதிகாலில் வைத்து, விரல்களை நோக்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். நடுவளைவில் வேகத்தைக் குறையுங்கள், அங்கேதான் இறுக்கம். பிறகு கையை மடக்கி, விரல் முட்டிகளால் அதே பாதையில் நான்கைந்து முறை. விரல்களை அடியில் பிடித்து ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள், வெடுக்கென்று இழுக்க வேண்டாம். கணுக்கால் எலும்பைச் சுற்றி விரல் நுனியால் வட்டம் போடுங்கள். கெண்டைக்காலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து மேல்நோக்கி நீவுங்கள். முன்பக்க எலும்பின் மேல் அழுத்தக் கூடாது. ஒரு காலுக்குப் பத்து நிமிடம். எவ்வளவு அழுத்தம் என்று சந்தேகம் வந்தால், பழுத்த தக்காளியைத் தோல் கிழியாமல் எவ்வளவு அமுக்கலாமோ அவ்வளவு. அவர் கேட்டால் மட்டும் கூட்டுங்கள்.

பேச்சுக் கொடுக்காமல் செய்து பாருங்கள், அவர்களாகவே எதையாவது சொல்ல ஆரம்பிப்பார்கள். முடித்ததும் எண்ணெயைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், விரலிடுக்கிலும் குதிகாலிலும் கவனமாக. டைல்ஸ் தரையில் எண்ணெய்க் காலோடு எழுந்து பாத்ரூமுக்குப் போகிற பெரியவர்கள் வழுக்கி விழுந்துவிடுவார்கள். எழுந்திருக்கும்போது ஒரு கை கொடுங்கள்.